அறிந்து கொல்லுதல்: பொதுநிலத்துக் காட்டு வான்கோழி வேட்டை எழுப்பும் அறவினா

ஓர் உயிரைக் கொல்லும் நோக்கத்தோடு அதன் வாழ்க்கையை நுணுகிக் கற்பது அவ்வுயிரை மதிப்பதாகுமா என்னும் வினா, வேட்டையைப் பற்றிய அறவியல் விவாதங்கள் அனைத்திற்கும் அடியில் கிடந்தும், நேராகக் கேட்கப்படுவது அரிது. வேட்டையை ஆதரிப்போர் வேட்டைக்காரர் பெறும் இயற்கையறிவைச் சான்றாகக் காட்டி, காட்டை இவ்வளவு அறிந்தவர் காட்டுயிருக்குப் பகைவராக இருக்க முடியாது என்று வாதிடுகின்றனர். எதிர்ப்போர், கொலையில் போய் முடியும் அறிவு எத்தனை ஆழமுடையதாயினும் அது கொல்லும் கருவியின் ஒரு பகுதியே என்று மறுக்கின்றனர். அறிவு ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லிவிடும் என்னும் நம்பிக்கை இரு தரப்புக்கும் பொதுவானது. அறிவு அவ்வாறு தீர்ப்பு வழங்குவதில்லை என்பதும், அறிய அறியக் கொல்பவரின் பொறுப்பு ஏறிக்கொண்டே போகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுநிலத்தில் காட்டு வான்கோழியை முதன்முறையாகத் தேடிச் செல்லும் ஒருவரின் நிலை மிகவும் பொருத்தமானது. பொதுநிலம் என்பது இங்கு மைய அரசோ மாநில அரசோ மக்கள் சார்பில் வைத்துப் பேணும் காடு, புல்வெளி, சதுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். உரிமம் பெற்ற எவரும் விதிகளுக்கு உட்பட்டு அங்கே வேட்டையாடலாம். அவ்வாறு செல்பவருக்கு அந்தப் பறவையின் இறைச்சி பட்டினியைத் தீர்க்கும் தேவையன்று. நிலமும் அவருடையதன்று, பறவையும் அவருடையதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குத் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. தேவை, உடைமை, பழக்கம் என்னும் மூன்று வழக்கமான சமாதானங்களும் இல்லாத இடத்தில், அறிவு ஒன்றுமில்லாத நிலையிலிருந்து வளர்ந்து கொல்லும் கணத்தை நெருங்குவதைப் படிப்படியாகக் காண முடிகிறது.

பறவையும் அதன் மீட்சியும்

காட்டு வான்கோழி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளரும் வான்கோழி, மெக்சிகோவின் தொல்குடிகள் பழக்கி வளர்த்த அதே இனத்தின் வழிவந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பழக்கப்படாத பறவை வேறொரு நிலையில் வாழ்கிறது. வளர்ந்த சேவல் ஏறத்தாழ 8 முதல் 11 கிலோ வரை எடையுடையது. அதன் மார்பிலிருந்து குதிரைமயிர் போன்ற ஒரு கற்றை தொங்கும், இதைத் தாடி என்பர். கால்களின் பின்புறத்தில் முள் வளரும். மயிரற்ற தலை அதன் மனநிலைக்கேற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறும். பகலெல்லாம் தரையில் மேய்ந்தாலும் இரவில் உயர்ந்த மரங்களில் அடையும் இப்பறவை, தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறத்தாழ 270 பாகை அளவுக்குக் காணவும் நிறங்களைக் கூர்மையாகப் பிரித்தறியவும் வல்லது.

மிசூரி மாநிலத்தின் தென்பகுதியில் விரிந்து கிடக்கும் ஓசார்க் மலைப்பகுதி இப்பறவையின் அழிவையும் மீட்சியையும் ஒருசேரக் கண்ட நிலமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கிருந்த பைன் காடுகள் பெருமளவில் வெட்டி விற்கப்பட்டன. மரம் போன பின் மண் கரைந்தது, வேளாண்மை பொய்த்தது, கட்டுப்பாடற்ற வேட்டையால் வான்கோழிகள் எட்டாத மடுக்களில் மட்டும் எஞ்சின. 1911ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, சீரழிந்த இந்நிலங்களை மைய அரசு 1930களில் விலைக்கு வாங்கியது. 1939இல் அமைக்கப்பட்டு இன்று ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் பரப்புடையதாக விளங்கும் மார்க் ட்வைன் தேசிய வனம் இவ்வாறு உருவானதாகும். தொடக்கநிலையாளர் ஒருவர் இன்று கால்வைக்கும் காடு, வெட்டித் தீர்க்கப்பட்ட நிலம் பொதுச்செலவில் மீண்டும் காடாக்கப்பட்டதன் விளைவு.

பறவையை மீட்க எடுத்த முதல் முயற்சி தோற்றது; அத்தோல்வியே மெய்யியல் நோக்கில் மிகுந்த பொருளுடையது. பண்ணையில் பொரித்த வான்கோழிகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டும் அவை நிலைபெறவில்லை. மிசூரியில் இதனை ஆராய்ந்த ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்னும் உயிரியலாளர், மரபுவழி வரும் காட்டுத்தன்மை என்பதைப் பற்றி 1944இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மூளையின் எடை, சுரப்பிகளின் அளவு, நடத்தை, இனப்பெருக்கத்தின் காலம் ஆகியவற்றில் காட்டுப் பறவைக்கும் பண்ணைக் கலப்புப் பறவைக்கும் பிறப்பிலேயே வேறுபாடு உண்டென்றும், காட்டில் பிழைப்பதற்கு வேண்டியது வெறும் பயிற்சியால் வாய்ப்பதன்று என்றும் அவர் காட்டினார். 1950களில் வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலைகளைக் கொண்டு உண்மையான காட்டுப் பறவைகளையே பிடித்து, அவை அற்றுப்போன இடங்களில் விடும் முறை வந்த பிறகே மீட்சி கைகூடியது. மிசூரியில் இப்பணி 1954இல் தொடங்கியது. 1960இல் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் நாடு முழுவதிலும் இப்பறவைகள் 60 லட்சத்தைக் கடந்தன. அதன் பிறகு மிசூரி உட்படப் பல மாநிலங்களில் எண்ணிக்கை மீண்டும் சரிந்திருக்கிறது.

இந்த ஆய்விலிருந்து பெறப்படும் கருத்து எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. காட்டுத்தன்மை மனிதர் பறவையின்மீது ஏற்றிச் சொல்லும் கவித்துவமான அடைமொழி என்னும் கருத்தை அது மறுக்கிறது. மனிதரைக் கண்டு விலகும் இயல்பு அப்பறவையின் உடலிலேயே இருக்கிறது. ஆகவே வேட்டைக்காரர் எதைத் தேடிச் செல்கிறாரோ அது, அவரைத் தவிர்ப்பதையே தன் இருப்பின் முறையாகக் கொண்ட ஓர் உயிர். அதை அறிவது என்பது, தன்னிடமிருந்து விலகுவதை அறிவதாகும்.

உடையவர் இல்லாத உடைமை

காட்டுயிர் யாருடையது என்னும் கேள்விக்கு ரோமானியச் சட்டம் அளித்த விடை, பிடிபடும் வரை அது எவருக்கும் உரியதன்று என்பதாகும். இக்கருத்து ஆங்கிலேயச் சட்டத்தின் வழியாக அமெரிக்காவுக்கு வந்தபோது இரு திசைகளில் வளர்ந்தது. நியூயார்க் நீதிமன்றம் 1805இல் முடிவு செய்த பியர்சன் எதிர் போஸ்ட் என்னும் வழக்கில், ஒரு நரியைத் துரத்திச் சென்றவருக்கும் இடையில் புகுந்து அதைக் கொன்றவருக்கும் இடையே எழுந்த பிணக்கு, துரத்தியதால் மட்டும் உரிமை பிறக்காது என்னும் தீர்ப்பில் முடிந்தது. மறுபுறம், 1842இல் உச்ச நீதிமன்றம் மார்ட்டின் எதிர் வாடெல் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, நீர்நிலையும் அதன் உயிர்களும் மக்கள் அனைவருக்கும் பொதுவாகப் பேணப்பட வேண்டியவை என்னும் கோட்பாட்டுக்கு இடமளித்தது. அரசு உரிமையாளராக அல்லாமல் மக்களின் பொறுப்பாளராக நின்று காட்டுயிரைக் காக்க வேண்டும் என்னும் இக்கோட்பாடு பொதுப் பொறுப்புரிமை எனப்படும்.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான நிலை தோன்றுகிறது. உயிரோடு இருக்கும் வரை வான்கோழி எல்லாருக்கும் உரியது, அதாவது தனியொருவர் எவருக்கும் உரியதன்று. அது ஒருவருக்கு உரியதாகும் கணமும் அது இறக்கும் கணமும் ஒன்றே. உயிருள்ள பறவை எவர் கைக்கும் வருவதில்லை. வேட்டைக்காரர் கைக்கு வருவது அதன் உடல் மட்டுமே. பொதுவில் இருந்த ஒன்றை அவர் தனதாக்கும்போது, அதே வனத்தில் அதிகாலையில் அதன் கூவலைக் கேட்டு மகிழ வருபவர், அதைப் படம் பிடிக்க வருபவர், ஒருபோதும் அங்கே வராதவர் ஆகியோரின் பங்கிலிருந்தும் எடுக்கிறார். மிசூரியில் இது வெறும் உருவகமன்று: 1976இல் மக்கள் வாக்களித்து ஏற்ற விற்பனை வரியின்படி, 100 டாலருக்கு வாங்கும் ஒவ்வொருவரும் 12.5 சென்டு வனவளப் பாதுகாப்புக்குச் செலுத்துகின்றனர். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள வரியை 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கியதால், வேட்டைக்காரர்கள் பெரும்பங்கு அளித்துள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் பறவையை மீட்டவர் தாமே என்று அவர்கள் மட்டும் உரிமை பாராட்ட இயலாது.

பொது என்னும் சொல்லுக்குள் மற்றொரு வரலாறும் இருக்கிறது. மிசூரியின் பெரும்பகுதி ஓசேஜ் மக்களின் நிலமாக இருந்தது. 1808, 1825 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் அதை விட்டு நீங்க நேர்ந்தது. எல்லாருக்கும் உரியது என்று இன்று சொல்லப்படும் நிலம், அதில் வாழ்ந்து வேட்டையாடியவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட பின்பே எல்லாருக்கும் உரியதாயிற்று. பொதுநிலத்தில் கால்வைக்கும் எவரும் தமக்கு இயல்பாகவே வாய்த்த உரிமையோடு நுழைவதாக எண்ணிவிட முடியாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

தேடுதல் என்னும் கல்வி

தொடக்கநிலையாளரின் முதற்கல்வி துப்பாக்கியில் தொடங்குவதில்லை. 1967 சனவரி 1ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்து 16 வயது நிரம்பியவர் மிசூரியில் துப்பாக்கி வேட்டைக்கு உரிமம் பெறுவதற்கு வேட்டைக்கல்விச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் பறவை எங்கே இருக்கிறது என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடத்தில் அவர் முதலில் மலைமுகடுகளையும், அவற்றிடையே இறங்கும் மடுக்களையும், நீரோட்டங்களையும், காட்டுக்குள் திறந்து கிடக்கும் புல்வெளிகளையும் குறித்துக்கொள்கிறார். வான்கோழிக்கு மூன்று தேவைகள் ஒன்றுக்கொன்று அருகே அமைய வேண்டும்: இரவில் அடைவதற்குப் பக்கக்கிளைகள் பரந்த பெருமரங்கள், மேய்வதற்கு ஓக் கொட்டையும் பூச்சியும் கிடைக்கும் தரை, சேவல் தோகை விரித்துத் தன்னைக் காட்டுவதற்கும் குஞ்சுகள் பூச்சி பொறுக்குவதற்கும் ஏற்ற திறந்தவெளி. வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகில் இம்மூன்றும் இருந்தாலும் ஆள்நடமாட்டத்தால் பறவை ஒதுங்கிவிடும் என்பதால், நடக்க ஆயத்தமானவருக்கே பொதுநிலம் பயன் தருகிறது.

அதன் பிறகு தரை அவருக்குப் படிக்கத்தக்கதாக மாறுகிறது. உதிர்ந்த இலைகளை வான்கோழி காலால் பின்னோக்கித் தள்ளிக் கிளறுகிறது. ஆகவே வெறுந்தரை தெரியும் இடத்துக்கு எந்தப் பக்கத்தில் இலைகள் குவிந்திருக்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து பறவை வந்தது, எதிர்ப்பக்கம் நோக்கிச் சென்றது என்று கொள்ளலாம். வெளிப்பட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தால் அது சற்றுமுன் நிகழ்ந்தது. அதன்மேல் புதிய இலைகள் விழுந்திருந்தால் பழையது. சேவலின் எச்சம் நீண்டு ஒரு முனையில் வளைந்திருக்கும், பேட்டின் எச்சம் சுருண்டு குவிந்திருக்கும். மார்பிலிருந்து உதிர்ந்த இறகின் நுனி கறுத்திருந்தால் சேவலுடையது, வெளிறிய பழுப்பாயின் பேட்டினுடையது. மணற்பாங்கான வழித்தடத்தில் மூவிரல் தடத்தின் இருபுறமும் இணையாக ஓடும் மெல்லிய கீறல்கள், சேவல் சிறகைத் தாழ்த்தி இழுத்தவாறு நடந்ததன் அடையாளமாகும். மாலையில் அவர் ஒரு முகட்டில் நின்று ஆந்தையைப் போல் குரலெழுப்புகிறார். அடையப்போன சேவல், திடீரென்று எழும் உரத்த ஒலிக்குத் தன்னையறியாமல் பதிலாகக் கூவிவிடும் இயல்புடையதாதலால், அது எந்த மரத்தொகுதியில் இருக்கிறது என்பது அடுத்த நாள் விடியலுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

விடியலில் நிகழ்வது வேறு வகையான அறிவைக் கோருகிறது. சுண்ணக்கட்டி தேய்த்த மூடியை மரப்பெட்டியின் விளிம்பில் உரசியோ, கற்பலகையில் குச்சியைச் சுழற்றியோ, வாய்க்குள் வைத்த மென்சவ்வு வழியே காற்றைச் செலுத்தியோ வேட்டைக்காரர் பேட்டின் குரலை உண்டாக்குகிறார். இயற்கையில் சேவல் நின்ற இடத்திலிருந்து கூவும், பேடு அதனை நாடிச் செல்லும். வேட்டைக்காரரோ சேவல் பேட்டை நாடி வரவேண்டும் என்று கேட்கிறார். அதனால்தான் பல சேவல்கள் துப்பாக்கியின் எல்லைக்கு வெளியே நின்று, வரவேண்டிய பேடு வராததைக் கண்டு விலகிச் செல்கின்றன. பறவையின் வழக்கத்துக்கு மாறாக அதை நடக்கச் செய்யும் அளவுக்கு அதன் மொழியைக் கற்பதே இத்தொழிலின் உச்சத்திறன் என்று கருதப்படுகிறது.

இதனைப் பொய் என்று சொல்லலாமா என்பது எளிய கேள்வியன்று. பொய் என்பது பேசுவோர் இருவரிடையே உள்ள நம்பிக்கையை முறிப்பது எனக் கொண்டால், மனிதருக்கும் பறவைக்கும் அத்தகைய உடன்பாடு ஏதுமில்லை. ஆனால் இதில் உள்ள சிக்கல் வாய்மையைச் சார்ந்ததன்று. பறவை தன் வாழ்வில் மிகவும் நாடும் ஒன்றையே அதன் சாவுக்கு வழியாக்குவதில் அது இருக்கிறது. வேட்டைக்காரர் அதன் பசியையும் இணைவிழைவையும் அச்சத்தையும் உள்ளிருந்து புரிந்துகொள்கிறார். புரிந்துகொண்டதையே அதற்கு எதிராகத் திருப்புகிறார். அறியாமையால் கொல்பவரைப் பற்றி இவ்வாறு சொல்ல இயலாது.

இரு வகைக் கவனம்

ஸ்பானிய மெய்யியலாளர் ஹோசே ஓர்ட்டேகா இ காஸெட், 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில், வேட்டைக்காரரின் கவனத்தை மெய்யியலாளரின் கவனத்துக்கு நிகராக வைத்தார். சுற்றுலாப் பயணி நிலத்தின் பரப்பைக் காண்கிறார், உழவர் தமக்குப் பயன்படுவதைக் காண்கிறார். எங்கிருந்து எது வருமென்று தெரியாததால் எல்லாத் திசையிலும் விழிப்போடிருக்கும் வேட்டைக்காரர் மட்டுமே நிலத்தின் உள்ளே இருக்கிறார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தம் ஆயுதத்தின் மேன்மையை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு, விலங்கு தப்புவதற்கு இடம் வைப்பதாலேயே வேட்டை வெறும் கொலையிலிருந்து வேறுபடுகிறது என்றும் அவர் கருதினார்.

ஆங்கில மெய்யியலாளரும் புதின ஆசிரியருமான ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட நூலில் கவனத்தைப் பற்றி வேறொரு கருத்து இருக்கிறது. மனக்கசப்போடு சாளரத்தின் வெளியே பார்க்கும் ஒருவர், காற்றில் நிலைத்து மிதக்கும் ஒரு வல்லூறைக் கண்டதும் தம் கசப்பையும் தம்மையும் மறந்துவிடுகிறார். பார்வையில் அந்தப் பறவை மட்டுமே எஞ்சுகிறது. தன்முனைப்பைக் கரைத்து, பிறிதொன்று தன்னளவில் உண்மையாக இருக்கிறது என்பதை ஏற்கச் செய்வதே அறத்தின் தொடக்கம் என்பது அவர் கருத்து.

ஓர்ட்டேகா கூறும் கவனம் நுண்மையில் மர்டாக் கூறும் கவனத்துக்குக் குறைந்ததன்று. பல வேளைகளில் அதைவிடக் கூர்மையானது. வல்லூறைக் கண்டு மகிழ்ந்தவருக்கு அதன் எச்சத்தின் வடிவம் தெரியாது. வேறுபாடு அளவில் இல்லை, திசையில் இருக்கிறது: வேட்டைக்காரரின் கவனம் ஒரு விருப்பத்திலிருந்து புறப்பட்டு அதை நிறைவேற்றுவதற்காகப் பறவையிடம் செல்கிறது. ஆயினும் திசை மாறாமல் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வரும் சேவலுக்காக மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் ஒரு மணிநேரம் காத்திருப்பவரின் முன்னே, அவர் தேடாத பலவும் நிகழ்கின்றன. பேடுகள் வந்து மேய்கின்றன, இளஞ்சேவல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. விருப்பத்தால் தொடங்கிய கவனம், விருப்பத்துக்குத் தொடர்பில்லாதவற்றைக் காட்டிவிடுகிறது. அவ்வாறு கண்ட பின்னரும் சுடுவதற்கு அவர் தேர்ந்தெடுப்பாராயின், கண்டதையும் சேர்த்தே தம் செயலுக்கு அவர் விடை சொல்ல வேண்டியவராகிறார்.

மறுப்புகள்

டாம் ரீகன் 1983இல் விலங்குரிமை பற்றி எழுதிய நூலின் வழிநின்று நோக்கினால், இவ்வாராய்ச்சி முழுவதும் பொருளற்றதாகிவிடும். தனக்கென ஒரு வாழ்வை உடைய உயிருக்கு, பிறருக்கு அது தரும் பயனைச் சாராத மதிப்பு உண்டு. அதை இன்பத்துக்காகவோ, உயிரினத்தொகையின் நலனுக்காகவோ கொல்வது உரிமை மீறலே. ரீகன் தம் வாதத்தை முதன்மையாகப் பாலூட்டிகளை முன்வைத்தே கட்டினாலும் பறவைகளுக்கும் அதை விரிப்பதில் பெருந்தடை இல்லை. இந்த மறுப்பின் வலிமை, வேட்டை ஆதரவாளர் வழக்கமாகக் கூறும் தொகைக் கணக்கை அது செல்லாததாக்கிவிடுவதில் உள்ளது. வான்கோழிச் சேவல் பல பேடுகளோடு இணைவதால் இளவேனிலில் சில சேவல்களை எடுப்பது இனத்தைக் குறைக்காது என்பது உயிரியல் நோக்கில் பெரும்பாலும் ஏற்கப்பட்டதே; எண்ணிக்கை சரிந்துள்ள இடங்களில் அதுவும் மறு ஆய்வுக்கு உள்ளாகியிருக்கிறது. ஆனால் இனம் நிலைக்கிறது என்பது, கொல்லப்பட்ட அந்த ஒன்றுக்கு விடையாகாது.

சமண அறநூல் மரபு இதனை இன்னும் நுட்பமாகப் பகுத்தது. இல்லறத்தார் செய்யும் தீங்குகளை அது நால்வகையாக்கி, சமையல் முதலிய வீட்டுப்பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகியவற்றைக் குறைக்கச் சொல்லி, கருதிச் செய்யும் தீங்கை மட்டும் முற்றாக விலக்கச் சொல்கிறது. இந்த நான்காவது வகைக்குச் சங்கல்ப இம்சை என்று பெயர். வான்கோழி வேட்டை எந்த ஐயமுமின்றி இவ்வகையைச் சாரும். கருதுதலே இங்குப் பழுதாவதால், திறமையும் அறிவும் கூடக்கூடச் செயல் மேலும் கருதியதாகிறது, பழுதும் கூடுகிறது.

இதற்கு எதிராக வேட்டைக்காரர் தரப்பில் கூறப்படும் வலுவான விடை ஒன்று உண்டு. இறைச்சி உண்ணும் சமூகத்தில் கொலையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, பொதியில் வரும் மார்புத்துண்டை மட்டும் வாங்குபவர், தம் பெயரால் நிகழும் கொலையை அறியாதிருக்க விலை கொடுக்கிறார். தாமே கொல்பவர் அந்த மறைவை மறுக்கிறார். இவ்வாதத்தின் முதற்பகுதி திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்துக்கும் உடன்பாடானதே: உண்பவர் இருப்பதனாலேயே கொன்று விற்பவர் இருக்கிறார் என்னும் தொடர்பை வள்ளுவர் அங்கே சுட்டி, வாங்குபவரையும் கொலையின் பொறுப்புக்குள் கொண்டுவருகிறார். ஆனால் இருவரும் அங்கிருந்து எதிரெதிர்த் திசையில் செல்கின்றனர். வள்ளுவர் உண்பதை விடச் சொல்கிறார், வேட்டைக்காரர் கொல்வதையும் தாமே ஏற்கிறார். நேர்மை என்னும் அளவில் வேட்டைக்காரர் வாங்கி உண்பவரைவிட ஒரு படி மேலே நிற்கக்கூடும்; ஆனால் நேர்மையாகச் செய்த செயல் அதனாலேயே சரியான செயலாகிவிடாது. கொலையைக் கண்ணால் காண்பது அதன் பொறுப்பை ஏற்பதற்கான தொடக்கம், அதைத் தீர்ப்பதற்கான வழியன்று.

அடக்கமும் ஆற்றலும்

அறிவு கொலைக்கு ஒப்புதல் தராது, பொறுப்பையே கூட்டும் என்றால், அப்பொறுப்பு எந்த வடிவில் வெளிப்பட வேண்டும் என்பதே எஞ்சும் வினா. அதன் முதல் வடிவம் அடக்கம். ஆனால் ஆற்றல் இல்லாதவரின் சுடாமையை அடக்கம் என்று அழைக்க முடியாது. சேவலின் இருப்பிடம் தெரியாமலும், தவறான கணத்தில் அசைந்து அதை விரட்டியும் வெறுங்கையோடு திரும்பும் தொடக்கநிலையாளர் எதையும் துறக்கவில்லை. உண்மையில் அவரே மிகவும் ஆபத்தானவர்: ஆவலில் தொலைவைத் தவறாகக் கணித்துச் சுட்டால், தலையிலும் கழுத்திலும் பட வேண்டிய ரவைகள் உடலில் பட்டு, பறவை காயத்தோடு பறந்து எங்கோ நாள்பட்டுச் சாகும்.

ஆகவே திறமை பெறுவதே இங்கு முதற்கடமையாகிறது. ரவைகளைச் சிதறிச் சுடும் ஷாட்கன்னின் எல்லையைத் தொடக்கநிலையாளர் காகிதத்தில் அறிய வேண்டும்: பறவையின் தலையும் கழுத்தும் வரைந்த தாளை 20, 30, 40 கஜத் தொலைவுகளில் நிறுத்திச் சுட்டு, முதுகெலும்பும் மூளையும் உள்ள குறுகிய பகுதியில் எத்தனை துளைகள் விழுந்தன என்று எண்ணிப் பார்த்தால், எந்தத் தொலைவுக்கு அப்பால் தம் துப்பாக்கி கொல்லும் கருவியாக இல்லாமல் காயப்படுத்தும் கருவியாகிறது என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை அவர் தமக்கே விதித்துக்கொள்ளும் சட்டமாகிறது. அரசின் சட்டம் இதைவிடத் தளர்வானது. மிசூரியின் இளவேனில் விதிகள் தாடி தெரியும் எந்தப் பறவையையும் சுட அனுமதிக்கின்றன. பேடுகளிலும் ஒரு சிறு பங்குக்குத் தாடி வளரும். ஏறத்தாழ 28 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்க இருக்கும் அத்தகைய பேட்டைச் சுடுவது சட்டப்படி குற்றமன்று. அறிந்தவர் அதைச் சுடுவதில்லை. சட்டம் நின்றுவிடும் இடத்துக்கு அப்பாலும் அறிவு கட்டுப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொதுநிலம் இவ்வடக்கத்தை மனிதர்பாலும் கோருகிறது. சேவலின் கூவல் என்று கேட்கும் ஒலி மற்றொரு வேட்டைக்காரர் எழுப்பியதாகவும் இருக்கலாம் என்பதால், ஒலியை நோக்கிப் பதுங்கிச் செல்லக் கூடாது. சேவலின் தலையை நினைவூட்டும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் எதையும் அணியக் கூடாது. தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்தே அமர வேண்டும். பறவை முழுவதும் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் உறுதியான பின்பே விசையில் விரல் வைக்க வேண்டும். வழித்தடத்தின் தொடக்கத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றால் வேறிடம் செல்வது எழுதப்படாத மரபு. காட்டில் தம் செயலைப் பாராட்டவோ பழிக்கவோ பார்வையாளர் இல்லாததால் வேட்டைக்காரரின் அறம் அவருடைய மனச்சான்றை மட்டுமே நம்பியிருக்கிறது என்னும் பொருளில், ஸ்டார்க்கரின் தந்தையும் நிலத்தையே அறச் சமூகத்தின் உறுப்பாகக் கண்டவருமான ஆல்டோ லியோபோல்ட், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1949இல் வெளிவந்த நூலில் எழுதினார். பொதுநிலத்தைப் பொறுத்தவரை இதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பார்வையாளர் இல்லை, ஆனால் பங்காளிகள் இருக்கின்றனர், காணாத இடத்திலும் எடுக்கப்படுவது அவர்களுடையதே.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து வேட்டை அறமாகும் என்றோ அறமன்று என்றோ ஒரே சொல்லில் முடிவு கூற இயலவில்லை. எனினும் சில முடிவுகள் உறுதியானவை. இயற்கையை அறிந்திருப்பதைக் காட்டிக் கொலைக்கு ஒப்புதல் கோரும் வாதம் தலைகீழானது. அறியாதவரின் செயலுக்குக் கிடைக்கும் சலுகைகூட அறிந்தவருக்கு இல்லை. வரியும் உரிமக் கட்டணமும் காடு மீண்டதற்கு உதவியவை என்பதால் நன்றிக்குரியவை. ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட பறவையின் உயிருக்கான விலையாக மாட்டா. தாமே கொல்லும் நேர்மை, கொலையை மறைத்து உண்பதைவிடத் தெளிவான நிலை. எனினும் கொல்லாமையை மேற்கொண்டவர் எழுப்பும் வினாவுக்கு அது விடையாகாது. வேட்டையாடுபவர் இம்மூன்றையும் ஒப்புக்கொண்ட பின்னரும் தொடர்ந்து செல்வாராயின், தம் செயலில் நியாயப்படுத்த முடியாத ஓர் எச்சம் உண்டென்பதை ஏற்றே செல்கிறார். அவ்வெச்சத்தை மறுக்காதிருப்பதே அவருடைய அறத்தின் முதல் நிபந்தனை.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஓர் அளவுகோலும் கிடைக்கிறது. சுடுவது ஒன்றே வெற்றி, சுடாமல் திரும்புவது தோல்வி என்று கணக்கிடும் வேட்டையில், அடக்கத்துக்கு இடமில்லை. அங்கே அறிவு கருவியாகவே முடிகிறது. சேவல் எல்லைக்குள் வந்து நிற்கும்போதும் சுடாமலிருப்பது உண்மையான ஒரு தெரிவாக இருக்குமானால் மட்டுமே, சுடுவதும் பொறுப்போடு செய்த தெரிவாகும். அந்தத் தெரிவு சிலருக்கு ஒருநாளோடு முடியாமல், பறவையைத் தேடுவதை விடாமலே துப்பாக்கியை நிரந்தரமாக விட்டுவிடுவதில் கொண்டுபோய் நிறுத்தலாம். வேறு சிலர் ஆண்டுக்கு ஒரு பறவையை எடுத்து, அதன் இறைச்சியில் எதையும் வீணாக்காமல் உண்டு, எஞ்சிய நாள்களில் வாழிடம் காக்கும் பணியில் ஈடுபடலாம். இரண்டும் ஒரே கல்வியிலிருந்து பிறக்கக்கூடிய முடிவுகள். தொடக்கநிலையாளருக்குத் தேடும் முறையையும் அழைக்கும் முறையையும் கற்பிப்பவர்கள், முதல் முடிவையும் தம் கல்வியின் முறையான விளைவாக ஏற்க ஆயத்தமாக இருக்கின்றனரா என்பதைக் கொண்டே அவர்கள் பேசும் வேட்டையறத்தின் உண்மையை மதிப்பிட வேண்டும்.